மேல தூவிக் கொடுக்காதீங்கய்யா!

போன ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு பப்புக்குச் சாப்பிடப் போயிருந்தோம். (பேர் வேண்டாம். ரோஸ்ட் நல்லாத்தான் இருந்துச்சு. கூட வந்த உருளைக்கிழங்கு அதைவிட நல்லா இருந்துச்சு.) கடைசியில இனிப்புக்கு ஆப்பிள் க்ரம்பிள் சொன்னேன். ஒன்பது பவுண்டு.

வந்தது என்ன தெரியுமா?

ஒரு கிண்ணம். அடியில நாலு ஸ்பூன் ஆப்பிள் கூழ். அதுக்கு மேல, எப்பவோ தனியா சுட்டு டப்பாவுல அடைச்சு வச்சிருந்த ஓட்ஸ் உதிரியை ஒரு கை அள்ளித் தூவியிருக்காங்க. அவ்வளவுதான். ஓரத்துல ஒரு புதினா இலை. (புதினா எதுக்கு? யார் கேட்டா?)

"இது ஓவன்ல ஒண்ணா வேகலையாப்பா?"ன்னு பரிமாறின பையன்கிட்ட கேட்டேன்.

"இல்லங்க, டாப்பிங்கைத் தனியா பேக் பண்ணிடுவோம். அப்பத்தான் கடைசி வரைக்கும் மொறுமொறுன்னு இருக்கும்"ன்னு பெருமையாச் சொன்னான். சின்னப் பையன், காலேஜ் படிக்கிற வயசு. அவன்கிட்ட என்னத்தைச் சண்டை போடறது. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சுட்டார்.

சரி. அங்க சொல்ல முடியாததை இங்க சொல்லிடறேன்.

மொறுமொறுப்பு மட்டும்தான் வேணும்னா ரெண்டு பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுட்டுப் போயிடலாமே, அதுக்கு எதுக்கு ஓவனும் கரன்டும்? க்ரம்பிளோட சூட்சுமம் மேலயும் இல்ல, கீழயும் இல்ல. நடுவுல இருக்கு. மேல இருக்கிற மாவும் கீழ கொதிக்கிற பழமும் தொட்டுக்கிற இடத்துல அரை விரல்கடைக்கு ஒரு அடுக்கு உண்டாகும் பாருங்க. மாவாவும் இருக்காது, பழமாவும் இருக்காது. பழச்சாறைக் குடிச்சு, வெண்ணெயில ஊறி, பாதி வெந்து, பிசுபிசுன்னு கரண்டியில ஒட்டிக்கிட்டு வரும். நான் க்ரம்பிள் சாப்பிடறதே அதுக்காகத்தான். தனித்தனியா சுட்டுச் சேத்தா அது எங்கேருந்து வரும்? ஒரே பாத்திரத்துல, ஒரே சூட்டுல, முக்கால் மணி நேரம் ரெண்டும் மல்லுக்கட்டினாத்தான் வரும்.

அப்புறம் அந்த ஓரம்! பழச்சாறு பாத்திரத்து விளிம்புல பொங்கி வந்து, மாவோட சேந்து கறுத்து, மிட்டாயா இறுகிப்போயிருக்கும். எங்க வீட்டுல அதுக்கு அடிதடியே நடக்கும். டப்பாவுலேருந்து தூவின க்ரம்பிளுக்கு ஓரமும் கிடையாது.

கடைக்காரங்க பக்கம் நியாயம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒவ்வொரு கிண்ணத்தையும் நாப்பது நிமிஷம் ஓவன்ல வச்சுக் கொடுக்க முடியாது. காலையிலயே பெரிய ட்ரேயில சுட்டு வச்சா சாயங்காலத்துக்குள்ள மேல் மாவு நமத்துடும். அதனாலதான் பிரிச்சாங்க. புரியுது. ஆனா அதே பெரிய ட்ரேயிலேருந்து கொஞ்சம் நமத்துப்போனதை வெட்டிச் சூடு பண்ணிக் கொடுத்திருந்தாலும் நான் சந்தோஷமாச் சாப்பிட்டிருப்பேன். நமத்த க்ரம்பிளும் க்ரம்பிள்தான்.

(மூச்சு விட்டுக்கறேன்.)

கோவத்தோட வீட்டுக்கு வந்து அன்னிக்கு ராத்திரியே ஒரு தட்டு பண்ணினேன். பண்ணிக்கிட்டே யோசிச்சதையெல்லாம் எழுதறேன். அளவு நடுவுல வரும், அவசரப்படறவங்க கீழ தேடிக்கோங்க.

முதல்ல பழம்.

இங்கிலாந்துல சமையலுக்குன்னே ஒரு ஆப்பிள் இருக்கு. ப்ராம்லி. ஒவ்வொண்ணும் ரெண்டு கை சேத்துப் பிடிக்கிற அளவு, கோணல்மாணலா, பச்சையா இருக்கும். எங்க அத்தை (வீட்டுக்காரரோட அம்மா) ஊர்லேருந்து வந்திருந்தப்ப கூடையில இருந்ததை எடுத்து ஒரு கடி கடிச்சாங்க. கண்ணு ரெண்டும் மூடிடுச்சு. நான் பதறிப்போய் "அத்தை, அது சமைக்கிறதுக்கு"ன்னேன். அவங்க நிதானமா, "ஏம்மா, உப்பும் மிளகாப்பொடியும் கொண்டா"ன்னாங்க. முழு ஆப்பிளையும் காலி பண்ணிட்டாங்க. இந்த நாட்டுல ப்ராம்லியை அப்படிச் சாப்பிட்ட முதல் ஆள் அவங்களாத்தான் இருக்கணும்.

அதுல மாலிக் அமிலம் ஜாஸ்தி, சர்க்கரை கம்மி. புளிப்பு போகவே போகாது. எவ்வளவு வெந்தாலும், எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அடியில நின்னுக்கிட்டே இருக்கும். சூடு பட்டா துண்டு துண்டா நிக்காம நுரைச்சுக் குழைஞ்சுடும். சாதாரண தின்கிற ஆப்பிள்ல பண்ணின க்ரம்பிள் திகட்டும். மேல இனிப்பு, கீழயும் இனிப்பு, ரெண்டாவது கரண்டிக்கு ஆசையே வராது. கீழ புளிக்கணும். இது என்னோட கட்சி, மாத்திக்க மாட்டேன்.

இதுல எனக்கு ஒரு ஊர்ப்பெருமை வேற. நான் இருக்கிறது நாட்டிங்ஹாம். ப்ராம்லி பிறந்த சவுத்வெல் இங்கேருந்து பக்கம்தான். 1809-ல மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட்ங்கிற சின்னப் பொண்ணு அங்க ஒரு வீட்டுல ஆப்பிள் விதையைப் போட்டு வளத்திருக்கு. அந்த வீட்டைப் பின்னால 1846-ல மேத்யூ ப்ராம்லின்னு ஒரு கசாப்புக் கடைக்காரர் வாங்கினார். இன்னும் பத்து வருஷம் கழிச்சு ஹென்றி மெர்ரிவெதர்ங்கிற பதினேழு வயசுப் பையன், நர்சரிக்காரர் வீட்டுப் பிள்ளை, அந்தப் பழத்தைப் பாத்துட்டு, ஒட்டுப்போட குச்சி குடுங்கன்னு கேட்டு வந்தான். கசாப்புக்காரர், "எடுத்துக்கோ, ஆனா என் பேரைத்தான் வைக்கணும்"னுட்டார். விதை போட்டது ஒருத்தி, ஒட்டுக்கட்டி ஊரெல்லாம் பரப்பினது ஒருத்தன், பேர் வாங்கிட்டுப் போனது வீட்டை வாங்கினவர்! மேரி ஆனுக்குத் தன் மரத்துக்கு இப்படி ஒரு வாழ்வு வந்ததே தெரியாது.

உலகத்துல இருக்கிற எல்லா ப்ராம்லி மரமும் அந்த ஒரே மரத்தோட ஒட்டுதான். 1900-ல புயல்ல அது சாஞ்சே போயிடுச்சு. சாஞ்ச இடத்துலேருந்து திரும்பத் தழைச்சுது. இப்போ பூஞ்சை நோய் பிடிச்சு மெல்ல மெல்லப் போயிக்கிட்டிருக்கு. ஆனா நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்காரங்க அதுலேருந்து திசு எடுத்து வளத்து வாரிசு உண்டாக்கி வச்சிருக்காங்க. அதனால நம்ம க்ரம்பிளுக்கு ஆபத்து இல்ல.

ப்ராம்லி மட்டும் போட்டா எல்லாம் கூழாயிடும். அதனால ரெண்டு பங்கு ப்ராம்லிக்கு ஒரு பங்கு காக்ஸ் இல்லேன்னா ப்ரேபர்ன் கலந்துக்குவேன். அது குழையாம நிக்கும், கடிக்கக் கிடைக்கும். பழத்தை முதல்லயே வேக வைக்கணுமான்னு பெரிய விவாதம் உண்டு. ஆப்பிளுக்கு வேண்டாம்ங்கிறது என் தீர்ப்பு. பச்சையாப் போட்டாத்தான் ஓவனுக்குள்ள சாறு விட்டு, ஆவி மேல ஏறி, அந்த நடு அடுக்கு உருவாகும். முதல்லயே வேக வச்சா அது வெறும் மூடி போட்ட ஜாம்.

செப்டம்பர்ல கூட ஒரு கை ப்ளாக்பெர்ரி. கடையில வாங்கினா எனக்குக் கோவம் வரும். ட்ரென்ட் ஆத்தோரம் நடந்து போனா முள்ளுப் புதர்ல சும்மா தொங்குது! கை கிழியும், பரவாயில்ல. ஆனா இங்கத்திய பழைய ஆளுங்க செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாளுக்கு அப்புறம் பறிக்க விடமாட்டாங்க. சொர்க்கத்துலேருந்து தள்ளிவிட்ட சாத்தான் நேரா முள்ளுப் புதர்ல வந்து விழுந்தானாம். அந்தக் கடுப்புல வருஷாவருஷம் அன்னிக்கு வந்து பழத்து மேல துப்பிட்டுப் போவானாம். கதை எப்படியோ, விஷயம் சரிதான். அக்டோபர் ஈரத்துல பழம் நீர்த்து, பூசணம் பிடிச்சுடும். சாத்தான் மேல பழி போட்டா பிள்ளைங்க கேக்கும், பூசணம்னா கேக்காது.

குளிர்காலம் முடியறப்ப ருபார்ப். ருபார்ப் பத்தி ஒரு முழுப் பதிவே எழுதலாம்... இன்னிக்கு வேண்டாம். ஒண்ணு மட்டும். யார்க்‌ஷயர்ல வேக்ஃபீல்டு, மார்லி, ராத்வெல்னு மூணு ஊருக்கு நடுவுல, இருட்டுக் கொட்டகைக்குள்ள வளத்து, மெழுகுவத்தி வெளிச்சத்துல அறுக்கிறாங்க. வெளிச்சம் பட்டா தண்டு பச்சையா முரடாயிடும்னு. ஜனவரியில அந்த இளஞ்சிவப்புத் தண்டைக் கடையில பாத்தா விலை பாக்காம வாங்கிடுவேன். (இலை விஷம், தூக்கிப் போட்டுடுங்க.) இதை மட்டும் முதல்ல சர்க்கரை போட்டு ஓவன்ல கொஞ்சம் வாட்டி, விடற தண்ணியை வடிச்சுட்டுத்தான் போடணும். இல்லேன்னா மேல் மாவு மூழ்கிப்போயிடும். வடிச்ச தண்ணியைக் கீழ கொட்டினீங்கன்னா உங்க கூட டூ. சோடா ஊத்திக் குடிங்க. ருபார்புக்குத் துணை சுக்கு. இங்க இஞ்சித் தூள் போடுவாங்க. நான் ஊர்லேருந்து வந்த சுக்கை இடிச்சுப் போடறேன், வாசனை தூக்குது.

இப்போ ஓட்ஸ்.

நம்ம ஊர்ல ஓட்ஸுக்கு என்ன பேர்னு உங்களுக்கே தெரியும். சுகர் ரிப்போர்ட் வந்த மறுநாள் வீட்டுக்குள்ள நுழையற சாமான். எங்க அப்பா ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தைப் பாக்கிற பார்வை இருக்கே! அதனால க்ரம்பிள்ல ஓட்ஸ் போடுவாங்கன்னு முதமுதல்ல கேட்டப்ப எனக்கு, அட, இனிப்புலயும் தண்டனையான்னுதான் தோணுச்சு.

ஆனா அதைவிட ஆச்சரியம், இந்த ஊர்க்காரங்க பாதிப் பேருக்கே க்ரம்பிள்ல ஓட்ஸ் பிடிக்காதுங்கிறதுதான். எதிர் வீட்டுல ஒரு பாட்டி இருக்காங்க. யார்க்‌ஷயர்ல பிறந்தவங்க. என்னை 'லவ்'னுதான் கூப்பிடுவாங்க (அங்க எல்லாருக்கும் எல்லாரும் லவ்தான், பஸ் டிரைவர் உட்பட). ஒரு தடவை க்ரம்பிள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டாங்க. "நல்லா இருக்கு, லவ். ஓட்ஸ் மட்டும் இல்லேன்னா இன்னும் நல்லா இருக்கும்."

ஏன் பாட்டின்னு கேட்டேன்.

அவங்க சொன்னது: போர்க்காலத்துல அவங்க அம்மா எல்லாத்துலயும் ஓட்ஸைப் போட்டு ஒப்பேத்துவாங்களாம். கறியில ஓட்ஸ், சூப்புல ஓட்ஸ், புட்டிங்ல ஓட்ஸ். ரேஷன் முடிஞ்சு, மைதாவும் வெண்ணெயும் தாராளமாக் கிடைச்சப்ப, ஓட்ஸ் இல்லாத க்ரம்பிளை அம்மா மேஜையில வச்சாங்களாம். அதான் நிஜமான க்ரம்பிள்னு அவங்க மனசுல பதிஞ்சுபோச்சு.

எனக்கு அதுக்கு மேல வாதாட வாய் வரலை.

இங்க 1940 ஜனவரி 8-ஆம் தேதி வெண்ணெய், சர்க்கரை, உப்பிட்ட பன்றிக்கறி மூணுக்கும் ரேஷன் போட்டாங்க. ஒரு கட்டத்துல ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ரெண்டு அவுன்ஸ் வெண்ணெய்தான். 57 கிராம். நான் இன்னிக்கு ஒரு தட்டு க்ரம்பிளுக்கே அதுல ரெண்டு மடங்கு போடறேன்! ரேஷன் மொத்தமா ஒழிஞ்சது 1954 ஜூலையில. க்ரம்பிள் இந்த நாட்டுல வீட்டுக்கு வீடு பரவினது அந்தக் காலத்துலதான்னு சொல்றாங்க. (அமெரிக்காவுல 'ஆப்பிள் க்ரிஸ்ப்'ங்கிற பேர்ல 1924-லயே அச்சுல வந்தாச்சு. அதனால கண்டுபிடிச்சது யாருங்கிற சண்டைக்குள்ள நான் போகலை.) காரணம் யோசிச்சா புரியும். பை பண்ணணும்னா மாவை விரிக்கணும். கொழுப்பு குறைஞ்சா மாவு வறண்டு கிழியும், ஒட்டாது. க்ரம்பிளுக்கு ஒட்டணும்ங்கிற கவலையே இல்லையே! மார்ஜரின் போட்டாலும் சரி, பழுப்பு மாவா இருந்தாலும் சரி, பத்தாததுக்கு ஓட்ஸோ ரொட்டித் தூளோ கலந்தாலும் சரி. உதிரணும்கிறதுதான் அதோட வேலையே.

அதுக்கும் ரொம்ப முன்னாடியே இங்கிலீஷ்காரங்களுக்கு ஓட்ஸ் மேல ஒரு இளக்காரம் உண்டு. சாமுவேல் ஜான்சன் 1755-ல போட்ட அகராதியில ஓட்ஸுக்கு அர்த்தம் எழுதற சாக்குல, குதிரைத் தீனியை ஸ்காட்லாந்துக்காரங்க சாப்பிடறாங்கன்னு குத்திக் காட்டிட்டுப் போயிருக்கார். அகராதியில நக்கல்! நம்ம ஆளுங்களுக்கு ஏன் இந்த யோசனை வரலை?

இவ்வளவுக்கு அப்புறமும் நான் ஓட்ஸ் கட்சிதான். பாட்டி மன்னிக்கணும்.

வெறும் மைதா மேல் மாவு சுட்டதும் மணல் மணலா, ஒரே சீரா இருக்கும். நல்லாத்தான் இருக்கும், ஆனா எல்லா வாயும் ஒரே வாய். ஓட்ஸ் போட்டா மேல இருக்கிறது கருகலா மொறுமொறுன்னு, நடுவுல இருக்கிறது மெல்லற பதத்துல, அடியில பழத்தைத் தொட்டது சாறை உறிஞ்சிக் குழைஞ்சு. அந்த நடு அடுக்குன்னு சொன்னேனே, அதுக்கு ஓட்ஸ் அளவுக்கு உதவி பண்றது வேற எதுவும் இல்ல. ஈரத்தைப் பிடிச்சு வழவழன்னு ஆக்கற நார்ச்சத்து அதுல இருக்கு. கஞ்சியில எங்க அப்பாவை முகம் சுளிக்க வைக்கிற அதே வழவழப்புதான். இடம் மாறினதும் மரியாதை வந்துடுச்சு.

எந்த ஓட்ஸ்? இதுல நான் நிறைய விளையாடிப் பாத்தாச்சு.

முழு மணியை அப்படியே தட்டையாக்கின பெரிய ஓட்ஸ், இங்க ஜம்போன்னு விப்பாங்க. அது மட்டும் போட்டா பாக்க அழகு, சாப்பிட்டா தாடை வலிக்கும். வெண்ணெயைப் பூரா அதுவே குடிச்சுட்டு, மாவை வறட்டி விட்டுடும். கஞ்சிக்குப் போடற சாதாரண ஓட்ஸ் மெல்லிசு, மாவோட சேந்து போகும், ஆனா தனியாத் தெரியாது. ரெண்டையும் கலந்தா சரி. வெட்டின ஓட்ஸ், அதாவது தட்டையாக்காம மணியை ரெண்டு மூணாத் துண்டு போட்டது, பக்கமே போகாதீங்க. அது வேகத் தண்ணி வேணும், ஓவன்ல கல்லு கல்லாவே கிடக்கும். ரெண்டு நிமிஷ ஓட்ஸ் தூளாயிடும். மசாலா ஓட்ஸ்... யாராவது கேப்பீங்கன்னு தெரியும். கேக்காதீங்க.

ஓட்ஸ் எவ்வளவுன்னா, மாவுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அதைத் தாண்டினா கிரனோலா ஆயிடும். ஓட்ஸுல மாவைப் பிடிச்சு நிறுத்தற பசை கிடையாது. ஜாஸ்தியாப் போட்டா உதிர்ந்து பழத்துக்குள்ள மூழ்கிடும்.

இதோ அளவு. ஆறு பேருக்கு. (எங்க வீட்டுல நாலு பேருக்கு.)

ப்ராம்லி 500 கிராம், காக்ஸ் 250, தோல் சீவி கட்டை விரல் பருமனுக்கு வெட்டினது. ப்ளாக்பெர்ரி கிடைச்சா 150. பழத்துக்குச் சர்க்கரை 80 கிராம், ஒரு ஸ்பூன் சோள மாவு. மேல் மாவுக்கு மைதா 150, கஞ்சி ஓட்ஸ் 50, ஜம்போ 30, குளிர்ந்த வெண்ணெய் 115, பழுப்புச் சர்க்கரை 90, அரை ஸ்பூன் உப்பு. உப்பை மறந்துடாதீங்க. மாவும் ஓட்ஸும் சேந்த எடையில பாதி வெண்ணெய். இந்தக் கணக்கு மட்டும் மனசுல இருந்தா எந்தத் தட்டுக்கும் பண்ணிடலாம்.

வெண்ணெய் ஃப்ரிட்ஜிலேருந்து நேரா வரணும். சின்னத் துண்டாப் போட்டு, விரல் நுனியால மைதாவோட பிசிறணும். பிசையக் கூடாது, பிசிறணும். வீடியோ போடறவங்க எல்லாரும் இந்த இடத்துல 'ரொட்டித் தூள் பதம்'னு சொல்லிட்டு ஓடிடறாங்க. அது என்ன பதம்னு எனக்குக் காட்டிக்கொடுத்தது அத்தை. நான் செய்யறதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "புட்டுக்கு மாவு பிசிறுற மாதிரிதானே, தள்ளு"ன்னு கையை விட்டாங்க. ஒரு பிடி எடுத்து அழுத்தினாங்க, கொழுக்கட்டையா நின்னுச்சு. விரலால ஒரு தட்டு தட்டினாங்க, உதிர்ந்துச்சு. "இதான் பதம். இதுக்கு மேல தொடாதே."

அவ்வளவுதாங்க. எந்தச் சமையல் புத்தகத்துலயும் இவ்வளவு சுருக்கமாப் படிச்சதில்ல. புட்டுல தண்ணி பண்றதை இங்க வெண்ணெய் பண்ணுது. மாவைச் சுத்திக் கொழுப்பு மூடிட்டா உள்ள ஈரம் போகாது, மாவுல இழுவை வராது, அதனால உதிரும். கைச்சூட்டுல வெண்ணெய் உருகிட்டா இந்த வேலை நடக்காது, எல்லாம் ஒரே உருண்டையா திரண்டுடும். அதனால பிசிறி முடிச்சதும் சர்க்கரை, ஓட்ஸ், உப்பு கலந்து, பாத்திரத்தோட ஃப்ரீசர்ல கால் மணி நேரம் வச்சுடுவேன்.

அதுக்கு முன்னாடி இன்னொரு சின்ன வேலை இருக்கு. ஒரு ஸ்பூன் குளிர்ந்த தண்ணியைத் தெளிச்சு, கிண்ணத்தைப் பிடிச்சு ரெண்டு குலுக்கு. உதிரி மாவுல அங்கங்க பட்டாணி அளவு கட்டி விழும். சிலது பெருசு, சிலது சிறுசு, சிலது தூள். அந்த ஒழுங்கில்லாத்தனம் வேணும். எல்லாம் ஒரே அளவா இருந்தா சாப்பிடச் சுவாரசியம் இல்ல.

சர்க்கரைக்கு நான் போடறது டெமராரா. கரடுமுரடா, தேன் நிறத்துல இருக்கும். முழுசா உருகாம மேல கடுக்குன்னு நிக்கும். டெமராரா கயானாவுல இருக்கிற ஆத்தோரப் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டுல அங்க கரும்பு வெட்டக் கூலிகளைக் கூட்டிட்டுப் போன கப்பல்ல சில மெட்ராஸ் துறைமுகத்துலேருந்தும் கிளம்பியிருக்கு. இப்ப என் கையில இருக்கிற பொட்டலத்துல மொரீஷியஸ்னு போட்டிருக்கு. அங்கயும் கரும்புக் காட்டுல நம்ம ஆளுங்கதான் நின்னாங்க. இங்கிலீஷ்காரங்க இனிப்புன்னு நினைச்சுச் சாப்பிடறதுல எவ்வளவு பேரோட முதுகு கிடக்கு பாருங்க. சரி, வேலையைப் பாப்போம்.

நாட்டுச் சர்க்கரையும் போட்டுப் பாத்தேன். வாசனை அருமை. ஆனா அதுல ஈரம் ஜாஸ்தி, மேல் மாவு கனத்துப் படிஞ்சுடும். பாதி நாட்டுச் சர்க்கரையைப் பழத்துல போட்டா ஜோரா இருக்கு. ஏலக்காயைவிடப் பட்டைதான் ஆப்பிளுக்கு. அதுவும் ஒரு சிட்டிகைக்கு மேல போட்டா மெழுகுவத்திக் கடை வாசம் வரும்.

மாவைப் பழத்து மேல கொட்டிட்டு அழுத்தாதீங்க. தட்டாதீங்க. கரண்டியால சமப்படுத்தாதீங்க! ஆவி வெளிய வர வழி வேணும். ஓரம் வரைக்கும் கொண்டு போங்க, நடுவுல கொஞ்சம் மேடா விடுங்க. விசிறி ஓவன்னா 180 டிகிரி, நாப்பதுலேருந்து நாப்பத்தஞ்சு நிமிஷம். மேல பொன்னிறம் ஆயிடுச்சுன்னு எடுத்துடாதீங்க, அது அரை மணியிலயே வந்துடும். ஓரத்துல சாறு 'ளொபக் ளொபக்'னு மெதுவா, கெட்டியா பொங்குதான்னு பாக்கணும். தண்ணியா வேகமாக் கொதிச்சா இன்னும் ஆகலை, சோள மாவு இன்னும் இறுகலைன்னு அர்த்தம். மேல கருகற மாதிரி இருந்தா ஃபாயில் ஒண்ணு மூடிக்கோங்க.

எடுத்த உடனே பாயாதீங்க. பதினஞ்சு நிமிஷம். பழத்துச் சூடு நாக்கை வெந்துபோக வைக்கும், அதுவும் இல்லாம சாறு கெட்டிப்பட்டாத்தான் கரண்டியில மூணு அடுக்கும் சேந்து வரும்.

மேல என்ன ஊத்தறதுங்கிறது இங்க குடும்பத்தைப் பிரிக்கிற கேள்வி. வீட்டுக்காரர் ஐஸ்கிரீம். பையன் எதுவும் இல்லாம. எதிர் வீட்டுப் பாட்டி கஸ்டர்ட், அதுவும் பவுடர்ல பண்ணினதுதான், முட்டை மஞ்சள் கருவெல்லாம் அடிச்சுப் பண்ணினது 'பிரெஞ்சுக்காரங்க சமாச்சாரம்'. நானும் பாட்டி கட்சி. நம்ம கல்யாண ரிசப்ஷன்ல ஃப்ரூட் கஸ்டர்ட் சாப்பிட்டு வளந்த நாக்கு இது, வேற எந்தப் பக்கம் போகும்? அந்த மஞ்சப் பவுடரை 1837-ல ஆல்ஃபிரட் பேர்ட்னு பர்மிங்ஹாம் மருந்துக்கடைக்காரர் கண்டுபிடிச்சார். அவர் மனைவிக்கு முட்டை ஆகாது. அதனால சோள மாவுல பண்ணினார். முட்டையே தொடாத நம்ம வீட்டு அடுப்படியில எல்லாம் கஸ்டர்ட் நுழைஞ்சதுக்கு அந்தம்மாவோட ஒவ்வாமைதான் காரணம். இவ்வளவு பிரயோஜனமான ஒவ்வாமை வேற யாருக்காவது வந்திருக்குமா?

ஆனா ஒரு நிபந்தனை. கஸ்டர்டைக் க்ரம்பிள் தலையில ஊத்தக் கூடாது. பக்கத்துல. இவ்வளவு பாடுபட்டு மொறுமொறுன்னு கொண்டுவந்ததை ஒரு நிமிஷத்துல நனைச்சுடாதீங்க. (வீட்டுக்காரர் ஐஸ்கிரீமைத் தலையிலதான் வைப்பார். சொல்லியாச்சு. கேக்கறதில்ல.)

ஊர்ல இருக்கிறவங்களுக்கு: ப்ராம்லி கிடைக்காது, தேடாதீங்க. கிரானி ஸ்மித்னு பச்சை ஆப்பிள் விக்கிறாங்களே, அது போடுங்க, அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோங்க. கூழாகாது, பரவாயில்ல. அதைவிட நல்ல யோசனை, கொடைக்கானல் ப்ளம் வர்ற சீசன்ல அதைப் போடறது. இங்கயும் ப்ளம் க்ரம்பிள் ரொம்ப விசேஷம். புளிப்பு, நிறம், சாறு எல்லாம் தானா வந்துடும். கொடைக்கானல் பேரிக்காயும் ஆகும். கெட்டியா இருக்கிறதால சின்னதா வெட்டுங்க. பழுத்த மாம்பழம் வேண்டாம். அதை அப்படியே சாப்பிடுங்க, அதுக்கு என்ன குறை?

ஓடிஜி வச்சிருக்கிறவங்க கீழ் கம்பியும் மேல் கம்பியும் ரெண்டும் போட்டு, நடுத் தட்டுல வைங்க. விசிறி இல்லேன்னா 190, 200 வரைக்கும் போகலாம். மேல் கம்பி மட்டும் போட்டா மாவு கருகும், பழம் வேகாது. அப்புறம் பழத்தைத் தனியா வேக வைக்கலாம்னு தோணும், மாவைத் தனியா சுடலாம்னு தோணும், கடைசியில நீங்களும் அந்தப் பப்புக்காரங்களாயிடுவீங்க.